எளிமையை யாரிடம் அளப்பது?



அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தன் பாலிசிப் பத்திரத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், அந்தப் பத்திரத்தின் வாசகம் ஒரு சோதனையில் குறைந்தது 45 மதிப்பெண் வாங்கியாக வேண்டும். சட்டமே அப்படிச் சொல்கிறது. சோதனைக்கு உட்காருவது பாலிசி வாங்குகிறவர் அல்ல, பத்திரம். ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொல், ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை ஒலியசை என்று எண்ணி, இரண்டு எண்ணையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் மதிப்பெண் வந்துவிடும். அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் வகுத்த மாதிரிச் சட்டம் 40 மதிப்பெண் கேட்கிறது. ஆனால் எண்ணும்போது மருத்துவச் சொற்களையும், பத்திரத்திலேயே வரையறை தந்திருக்கும் சொற்களையும் விட்டுவிடலாம் என்று அது இடம் கொடுக்கிறது. பத்திரத்தைப் பிரித்துப் படிப்பவரைத் தடுக்கி விழவைப்பவை பெரும்பாலும் அந்தச் சொற்களே. அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்கு மதிப்பெண் போட்டு, ‘எளிது’ என்று முத்திரை குத்த முடிகிறது. சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. எளிமையை எழுத்துக்குள்ளேயே தேடி அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையைக் கடைசிவரை பின்பற்றிப் போனால் வந்து சேரும் இடம் இது. எளிமை எழுத்துக்கும் அதைப் படிப்பவருக்கும் நடுவே நிகழ்வது. ஆகவே அதைப் படிப்பவரிடம்தான் அளக்க முடியும். எழுத்தை எண்ணிப் பெறும் மதிப்பெண், முன்பு எப்போதோ வேறு யாரிடமோ அளந்ததை வைத்துச் செய்யும் ஊகம். தமிழுக்கும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய என் வாதம்.

இந்த எண்ணும் கலை எப்படி வந்தது என்று பார்த்தால் வாதத்துக்கு அடிப்படை கிடைக்கும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த எல். ஏ. ஷெர்மன் 1893இல் வெளியிட்ட நூலில், ஆங்கில உரைநடையின் வாக்கியங்களை நூற்றாண்டு வாரியாக எண்ணிக் காட்டினார். எலிசபெத் காலத்துக்கு முன் வாக்கியத்துக்கு 50 சொல் என்றிருந்த சராசரி, அவர் காலத்தில் 23 ஆகக் குறைந்திருந்தது. நடையைக் கணக்கிட முடியும் என்ற துணிச்சல் அங்கே தொடங்கியது. 1921இல் எட்வர்ட் தார்ன்டைக், ஆங்கிலத்தில் அதிகம் வழங்கும் 10,000 சொற்களைப் பயன்பாட்டு வரிசைப்படி பட்டியலிட்டார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெர்த்தா லைவ்லி, சிட்னி பிரெஸ்ஸி இருவரும் 1923இல் பாடநூல்களின் சொற்சுமையை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். வாசிப்பு எளிமைக்கான முதல் சூத்திரம் என்று சொல்லப்படுவது அதுதான். பள்ளி அறிவியல் நூல்களில் கலைச்சொற்கள் மண்டிக் கிடந்தன. அறிவியல் கற்பிக்க வேண்டிய நேரத்தில் ஆசிரியர் சொற்பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குறையைத் தீர்க்கவே அந்த முயற்சி. நோக்கத்தில் குற்றமே இல்லை.

ஆனால் 1935இல் வந்த ஓர் ஆய்வு, இந்தத் துறை எந்த இடத்தில் குறுகியது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. வில்லியம் கிரே, பெர்னிஸ் லியரி இருவரும் ஒரு நூல் படிக்க எளிதாக அமைவதற்கு என்னென்ன காரணம் என்று வாசகர்களையும் நூலகர்களையும் பதிப்பாளர்களையும் கேட்டு, 228 கூறுகளைத் தொகுத்தார்கள். அவற்றை உள்ளடக்கம், நடை, அச்சமைப்பு, பொருள் அடுக்கிய முறை என்று நான்காக வகுத்தார்கள். அளக்கப் புகுந்தபோது உள்ளடக்கத்தையும் அச்சமைப்பையும் அடுக்குமுறையையும் எண்ணிக்கைக்குள் கொண்டுவர வழி கிடைக்கவில்லை. நடை ஒன்றுதான் எண்ணுவதற்கு வசப்பட்டது. நடையிலும் வடிகட்டி வடிகட்டி ஐந்து கூறுகள் மட்டுமே அவர்களுடைய சூத்திரத்தில் மிஞ்சின. 228 எங்கே, ஐந்து எங்கே? மிஞ்சிய ஐந்தும் எளிதில் எண்ணத் தக்கவை என்பதால் மிஞ்சின. மற்றவை முக்கியமற்றவை என்று யாரும் நிறுவவில்லை. பின்னால் வந்தவர்கள் ஐந்தை இரண்டாக்கினார்கள். அளக்க முடிந்ததே அளக்க வேண்டியது என்ற பழக்கம் அப்படித்தான் படிந்தது.

இரண்டாக்கியவர்களில் புகழ்பெற்றவர் ருடால்ஃப் ஃபிளெஷ். வியன்னாவில் 1911இல் பிறந்து சட்டம் படித்து, 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1948இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இது: 206.835 என்ற எண்ணிலிருந்து, வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்பதன் 1.015 மடங்கைக் கழியுங்கள். சொல்லுக்கு எத்தனை ஒலியசை என்பதன் 84.6 மடங்கையும் கழியுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் 0க்கும் 100க்கும் நடுவில் வரும். 60 முதல் 70 வரை சாதாரண நடை. 30க்குக் கீழே போனால் மிகக் கடினம். ஃபுளோரிடா சட்டம் கேட்கும் 45 இந்த மதிப்பெண்தான். இந்தத் தசமங்கள் எங்கிருந்து வந்தன என்பது கவனிக்க வேண்டியது. மெக்கால், கிராப்ஸ் என்ற இருவர் 1925இல் பள்ளிகளுக்காகத் தொகுத்த வாசிப்புப் பயிற்சி நூலில் சிறுசிறு பத்திகளும் கேள்விகளும் இருந்தன. எந்த வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பத்தியில் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை சொன்னார்கள் என்ற கணக்கும் இருந்தது. ஃபிளெஷ் அந்தக் கணக்கை எடுத்து, பத்தியின் சொல் நீளமும் வாக்கிய நீளமும் அதோடு எவ்வாறு பொருந்திப் போகின்றன என்று கணித்தார். அதே 1948இல் எட்கர் டேலும் ஜீன் சாலும் வெளியிட்ட சூத்திரமும் அதே பத்திகளை உரைகல்லாகக் கொண்டது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்த ஏறத்தாழ 3,000 சொற்களின் பட்டியலையும் அது சேர்த்துக்கொண்டது. எழுத்தை எண்ணும் சூத்திரம் என்று நாம் சொல்வதன் அடியில் படிப்பவர்கள் இருக்கிறார்கள்: 1920களில் அமெரிக்கப் பள்ளிகளில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் விடை எழுதிய பிள்ளைகள்.

சூத்திரங்கள் நன்மையே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆயிரக்கணக்கான பத்திகளை வரிசைப்படுத்தும்போது அவை ஓரளவு சரியாகவே சொல்கின்றன. அடிக்கடி வழங்கும் சொற்கள் எந்த மொழியிலும் குறுகியே இருக்கும். அரிய சொற்கள் நீளும். சிக்கலான கருத்துக்கு வாக்கியமும் நீளும். ஆகவே நீளம் சிக்கலுக்கு ஓர் அடையாளமாக அமைகிறது. ராபர்ட் கன்னிங் 1952இல் வெளியிட்ட ‘ஃபாக்’ குறியீடு, புரியாத நடைக்குப் பெருமை தேடிக்கொண்டிருந்த தொழிலகங்களையும் பத்திரிகைகளையும் வெட்கப்பட வைத்தது. 1975இல் ஜே. பீட்டர் கின்கெய்டும் குழுவினரும் ஃபிளெஷின் சூத்திரத்தை அமெரிக்கக் கடற்படைக்காகத் திருத்தியபோது, பழைய பள்ளிப் பத்திகளை நம்பாமல், 531 கடற்படை வீரர்களிடம் கடற்படைக் கையேடுகளின் பத்திகளையே கொடுத்துச் சோதித்து எண்களைப் புதிதாகக் கணித்தார்கள். வாசகர் மாறினால் எண்களும் மாற வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்ட செயல் அது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு சுட்டியைத் தட்டினால் இன்று வரும், ‘எந்த வகுப்புக்கு உரியது’ என்று காட்டும் மதிப்பு அந்த வீரர்களின் விடைத்தாள்களிலிருந்து வந்தது. தட்டுகிறவர் எழுதுவது குழந்தைக் கதையா, கோயில் வரலாறா என்பது அதற்குத் தெரியாது.

அடையாளத்தையும் காரணத்தையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே தவறு தொடங்கும் இடம். காய்ச்சல்மானி நோயைக் காட்டும். அதை உதறிப் பாதரசத்தை இறக்கினால் நோய் இறங்காது. இதே எச்சரிக்கையை இந்தத் துறையின் பெரிய வரலாற்றாசிரியர் ஜார்ஜ் கிளேரும் விடுத்தார்: முன்கூட்டிக் கணிக்க உதவுவது வேறு, எழுத உதவுவது வேறு. சோதனைகளும் அதையே காட்டின. தாமஸ் டஃபி, பாலா கபான்ஸ் இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை எளிதாக்கியும் வாக்கியங்களைச் சிறிதாக்கியும் பத்திகளை மாற்றிக் கடற்படையினரிடம் படிக்கக் கொடுத்தார்கள். சூத்திரத்தின்படி மதிப்பெண் உயர்ந்தது; புரிதலில் சொல்லும்படியான முன்னேற்றம் வரவில்லை. இசபெல் பெக்கும் அவருடைய குழுவினரும் 1991இல் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய பாடநூல் பகுதிகளில் விட்டுப்போன காரணங்களை நிரப்பி, எது எதனால் நடந்தது என்று இணைப்புச் சொற்கள் சேர்த்து எழுதினார்கள். பகுதி நீண்டது. ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் நன்றாகப் புரிந்தது. காரணம் தெளிவு. ‘மழை பெய்தது. வகுப்பு நடக்கவில்லை.’ என்று இரண்டாக வெட்டினால் வாக்கிய நீளம் பாதியாகிறது, மதிப்பெண் ஏறுகிறது. ‘மழை பெய்ததால் வகுப்பு நடக்கவில்லை’ என்பதில் அந்த ‘ஆல்’ செய்த வேலையை வெட்டிய பிறகு யார் செய்வது? படிப்பவர்தான். எழுதியவர் இறக்கிவைத்த சுமை அவர் தலையில் ஏறுகிறது. டேவிட் பியர்சன் எழுபதுகளில் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வும், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும் நீண்ட வாக்கியத்தையே அவர்கள் விரும்பினார்கள் என்று காட்டியது.

இப்போது தமிழுக்கு வருவோம். ஒலியசை என்று நான் சொல்லிவந்ததை எண்ண நமக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கட்டளைக் கலித்துறை எழுதுவோர் ஒற்று நீக்கி எழுத்தெண்ணி, அடிக்குப் பதினாறு, பதினேழு என்று கணக்குப் பார்ப்பார்களே, அதே முறைதான். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் ஒலியசை எண்ணிக்கை கிடைக்கும். ‘அம்மா கடைக்குப் போய்விட்டு வந்தாள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சேராத பிள்ளைக்கும் புரியும். நான்கு சொற்கள், ஒற்று நீக்கினால் பத்து எழுத்துகள், சொல்லுக்கு இரண்டரை. ஃபிளெஷின் சூத்திரத்தில் போட்டால் வருவது 0க்கும் கீழே, ஏறத்தாழ −9. அவருடைய அளவுகோலில் சட்ட நூலைவிடக் கடினமான வாக்கியம் அது. இனி ‘போய்விட்டு’ என்பதை ‘போய் விட்டு’ என்று பிரித்து எழுதுங்கள். ஒலி மாறவில்லை, பொருள் மாறவில்லை, ஓர் இடைவெளிதான் கூடியது. சொற்கள் ஐந்தாகின்றன, சொல்லுக்கு இரண்டு எழுத்தாகிறது, மதிப்பெண் 33க்குத் தாவுகிறது. இடைவெளிக் கட்டை ஒன்றை அழுத்தியதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மதிப்பெண்! துணைவினையைச் சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா என்று பத்திரிகைக்குப் பத்திரிகை, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வேறுபடும் மொழியில், சொல் எண்ணிக்கையை மையமாகக் கொண்ட எந்த அளவும் நடையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு மெய்ப்புத் திருத்துபவரின் வழக்கத்தைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

இது ஆங்கிலச் சூத்திரத்தின் குறை. ஒட்டுநிலை மொழிக்குரிய சூத்திரம் செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு, அதற்கு முன்மாதிரியும் உண்டு. விகுதி மேல் விகுதி ஒட்டி நீளும் துருக்கி மொழிக்காக எண்டர் அதெஷ்மான் 1997இல் ஃபிளெஷின் சூத்திரத்தைத் தழுவிப் புதிய எண்கள் தந்தார். 198.825இலிருந்து, சொல்லுக்கான ஒலியசையின் 40.175 மடங்கையும் வாக்கியத்துக்கான சொல்லின் 2.610 மடங்கையும் கழிக்க வேண்டும். சொல் நீளத்துக்கு விதித்த தண்டம் பாதியாகக் குறைந்ததைக் கவனியுங்கள். நம் அம்மா வாக்கியம் இதில் 88 வாங்குகிறது. எளிது என்று தேர்ச்சி. மகிழ்ச்சிதான். ஆனால் இன்னொரு வாக்கியத்தையும் அதே தராசில் வைத்துப் பார்ப்போம்: ‘பொருள் என்பது அதன் பண்பு, பண்பு என்பது நம் அறிவு.’ கருத்துமுதல்வாதத்தின் சாரத்தைச் சொல்ல இங்கே நானே அமைத்த வாக்கியம் இது. எட்டுச் சொற்கள், பதினெட்டு எழுத்துகள். கணக்குப் போட்டால் இதற்கும் 88. ஒவ்வொரு சொல்லும் அன்றாடச் சொல். தத்துவம் பயின்ற மாணவரும் நின்று யோசித்தால்தான் பிடிபடும் வாக்கியம். கடைக்குப் போய் வந்த அம்மாவையும் உலகம் மனத்துக்கு வெளியே இருக்கிறதா என்ற கேள்வியையும் சூத்திரம் ஒரே தட்டில் வைக்கிறது. எண்களை எவ்வளவு திருத்தினாலும் இந்தக் குறை தீராது. எண்ணப்படுவது ஒலி, கடினமாக இருப்பது சிந்தனை.

தமிழின் வாக்கிய அமைப்பும் இதையே உறுதிப்படுத்துகிறது. ‘காலையில் எழுந்து, பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான்’ என்பதில் பத்துச் சொற்கள். ‘ஊராட்சி கேட்ட சான்றை வழங்க மறுத்த வட்டாட்சியர் பிறப்பித்த ஆணை ரத்து செய்யப்பட்டது’ என்பதிலும் பத்துச் சொற்கள்தான். முதலாவதில் வினையெச்சங்கள் நடந்த வரிசையிலேயே வந்து நிற்கின்றன. இன்னும் ஐந்து எச்சம் சேர்த்தாலும் படிப்பவர் திணற மாட்டார். இரண்டாவதில் பெயரெச்சத்துக்குள் பெயரெச்சம். கேட்டது யார், மறுத்தது யார், ரத்தானது எது என்று ஒவ்வொன்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டு, கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ரத்து செய்தவர் யார் என்பது கடைசிவரை தெரிவதே இல்லை. அரசாணைத் தமிழின் கடினம் அதன் நீளத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். செய்தவரை மறைக்கும் செயப்பாட்டுவினையிலும் இந்த அடுக்கிலும்தான் அது இருக்கிறது. நம் நாட்டு மொழிகளுக்கு இந்த வகை ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. காரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மஞ்சிரா சின்ஹாவும் குழுவினரும் 2012இல் வங்காளத்துக்கும் இந்திக்கும் தனி அளவுகள் முன்வைத்தபோது, ஆங்கிலச் சூத்திரங்கள் அம்மொழிகளுக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, கூட்டெழுத்துகளின் எண்ணிக்கை போன்ற கூறுகளைச் சேர்த்தார்கள். எந்தக் கூறு முக்கியம் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டதும் அம்மொழிகளைப் படிப்பவர்களிடம் பத்திகளைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லித்தான்.

சொல்லையே மாற்றாமல் ஒரு நூல் எளிதாகிவிடும் என்பதற்கும் நம் பதிப்பு வரலாற்றில் சான்று இருக்கிறது. ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. அச்சுக்கு வந்தபோது ஆறுமுக நாவலர் போன்றோர் நிறுத்தற்குறிகளைப் புகுத்தினார்கள். 1950களில் மர்ரே எஸ். ராஜம் அறிஞர் குழு ஒன்றை அமைத்து, பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். கம்பன் எழுதிய சொல்லில் ஒன்றும் மாறவில்லை. புணர்ச்சியில் ஒளிந்திருந்த சொற்கள் கண்ணுக்குத் தெரிந்தன; புலவரின் துணை இல்லாமல் நூலைத் திறக்கத் துணிந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கிரேயும் லியரியும் எண்ண முடியாமல் விட்டுவிட்ட அச்சமைப்பு என்ற கூறு செய்த வேலை இது. ஒரு சூத்திரம் இந்தப் பதிப்புகளில் முன்னேற்றத்தைக் காட்டினாலும், சொற்கள் குறுகிவிட்டதாகக் கண்டுதான் காட்டும். காரணத்தைக் கண்டு காட்டாது.

வலுவான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது. ‘ஒவ்வொரு துண்டறிக்கைக்கும் ஆள் தேடிச் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா? செலவு, காலம் எல்லாம் யோசிக்க வேண்டாமா? குறையுள்ள எண்ணாவது கையில் இருக்கட்டுமே’ என்பது அது. சோதனை நாம் நினைக்கும் அளவுக்குச் செலவு பிடிப்பதல்ல என்பது என் பதில். வில்சன் டெய்லர் 1953இல் ஒரு முறை சொன்னார். ஒரு பத்தியில் ஐந்தாவது சொல் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள். படிப்பவரை நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை நிரம்பியது என்று எண்ணுங்கள். ‘குளோஸ்’ முறை என்று பெயர். வேண்டியது ஒரு தாள், ஒரு பென்சில். சிறு சொற்களில் சுழற்றிச் சுழற்றி எழுதும் கெர்ட்ரூட் ஸ்டைனின் உரைநடையைச் சூத்திரங்கள் எளிது என்று காட்ட, குளோஸ் முறை கடினம் என்று சரியாகச் சொன்னது. ஜான் போர்முத் அறுபதுகளில் செய்த ஆய்வின்படி, 44 சதவீதம் நிரப்ப முடிந்தால் அது பலவிடைக் கேள்வித் தேர்வில் 75 சதவீதம் எடுப்பதற்கு ஒப்பாகும். இந்த எண்ணும் ஆங்கிலத்துக்குரியது. தமிழில் ஒரு சொல்லை எடுத்தால் வேற்றுமையும் இடமும் பாலும் சேர்ந்தே போகின்றன. ஆகவே வேர்ச்சொல் சரியாக இருந்து விகுதி பிசகினால் எவ்வளவு மதிப்பெண் என்று நாம்தான் முடிவு கட்ட வேண்டும். அந்த முடிவுக்கு வர ஒரு கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஒரு பருவத் திட்டப்பணி போதும்.

அரசே சட்டம் போட்டுச் செய்யும் அளவுக்கு இது நடைமுறைச் சாத்தியம் என்பதை ஐரோப்பா காட்டியிருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை, அதைப் படிக்கப் போகும் மக்களிடமே கலந்து பார்த்துத்தான் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. அதற்கான வழிகாட்டுதலின்படி தேவைப்படும் ஆட்கள் இருபது பேர். பத்துப் பத்துப் பேராக இரண்டு சுற்று. ‘இந்த மாத்திரையைச் சாப்பிட மறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்பது போன்ற கேள்விகள். தாளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, புரிந்துகொண்டு, தம் சொல்லில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இருபது பேரில் பதினாறு பேராவது தேற வேண்டும். தேறாவிட்டால் திருத்தப்படுவது தாள். ஃபுளோரிடாவின் 45 மதிப்பெண்ணோடு இதை ஒப்பிடுங்கள். அங்கே நிறுவனம் எண்ணை வைத்துக்கொண்டு தப்பிக்கலாம்; இங்கே நோயாளி தவறாகச் சொன்னால் நிறுவனம் மீண்டும் எழுத வேண்டும். நம் நாட்டிலும் வீடு வீடாகப் போய் வாசிப்பைச் சோதிக்கும் அனுபவம் இருக்கிறது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பில், எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று நான்கு படி கொண்ட தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள்; தமிழிலும் அந்தத் தாள் உண்டு. அங்கே பத்தி மாறுவதில்லை, பிள்ளை அளக்கப்படுகிறது. அதே முறையைத் திருப்பிப் பிடித்தால் பத்தியை அளக்கலாம்.

கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. பெரிய மொழி மாதிரிகள் சந்தி பிரிக்கும், எச்ச அடுக்கைக் கண்டறியும், ஒரு சொல் எவ்வளவு அரிது என்று சொல்லும். இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் எது எளிது, எது கடினம் என்று இயந்திரத்துக்கு முதலில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பாடநூல்களை வகுப்பு வாரியாகக் கொடுத்துப் பழக்குவார்கள். மூன்றாம் வகுப்பு நூல் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் என்று ஒரு குழு நினைத்து எழுதிய நூல். புரிந்ததா என்பது வேறு கேள்வி. குழுவின் நினைப்பைக் கற்றுக்கொண்ட இயந்திரம் அந்த நினைப்பையே நமக்குத் திருப்பிக் கொடுத்து, அதை அளவீடு என்று சொல்லும். படிப்பவரின் விடைத்தாளிலிருந்து கற்ற இயந்திரம் வேறு. அதை நம்பலாம், அந்த விடைத்தாள் எந்த ஊருக்கும் எந்த வயதுக்கும் உரியதோ அந்த அளவுக்கு நம்பலாம்.

கடைசி மறுப்பு இலக்கியவாதிகளுடையது: எளிமையை அளக்கத் தொடங்கினால் நடை சப்பையாகிவிடும், பாதிப் படிப்பாளியின் மட்டத்துக்கு எல்லாம் இறங்கிவிடும் என்பது. சூத்திரத்துக்கு எழுதினால் அப்படித்தான் ஆகும். அந்த அச்சம் சரி. வாசகருக்கு எழுதினால் ஆக வேண்டியதில்லை. 1912இல் பாஞ்சாலி சபதத்துக்கு எழுதிய முன்னுரையில் பாரதி தமக்கு இரண்டு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார். நூல் படித்த பழக்கம் ஓரிரண்டு ஆண்டே உள்ளவர்களுக்கும் பொருள் விளங்க வேண்டும்; காவியத்துக்குரிய நயமும் குறையக் கூடாது. லைவ்லியும் பிரெஸ்ஸியும் சொல் எண்ணத் தொடங்குவதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, ஒரு தமிழ்க் கவிஞர் தம் அளவுகோலாக ஒரு வாசகரைக் குறிப்பிட்டு, அவருடைய படிப்பு எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டார். எத்தனை சொல், எத்தனை அசை என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்பதை டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட சோதனை காட்டும். பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையை 64 பள்ளி மாணவர்கள் படித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பத்தி ஒன்றேதான். அதற்கு ஒரே ஒரு மதிப்பெண் கொடுத்தால் அந்த எண் யாருக்கு உரியது?

ஆகவே தமிழுக்கு வாசிப்பு அளவுகோல் செய்ய விரும்புகிறவர்கள் வேலையை இந்த வரிசையில் தொடங்கலாம் என்பது என் துணிபு. முதலில், மக்கள் கையில் கொடுக்கப்படும் எழுத்துகளை எடுங்கள்: வங்கிப் படிவம், மருந்துத் தாள், பட்டா மாறுதல் அறிவிப்பு, ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம். ஒவ்வொன்றையும் அதைப் படிக்க வேண்டியவர்களில் இருபது பேரிடம் கொடுத்து, படித்த பின் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். இரண்டாவது, எந்தச் சொல் தெரியும், எந்தச் சொல் தெரியாது என்ற பட்டியலை அகராதியிலிருந்தோ இணையத் தொகுப்பிலிருந்தோ எடுக்காமல், மாவட்ட வாரியாக, வகுப்பு வாரியாகக் கேட்டுத் தொகுத்து வையுங்கள். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் ஊருக்கு ஊர் வேறு. ஒரே பட்டியல் போதாது. இந்த இரண்டும் சில ஆயிரம் பத்திகள் அளவுக்குச் சேர்ந்த பிறகு, யாரேனும் அவற்றிலிருந்து ஒரு சூத்திரம் வடித்தால் வடிக்கட்டும். எந்த வாசகரிடம் அளந்தது என்ற குறிப்போடு அது வெளிவரட்டும். அதுவரை, ஒரு நிறுவனம் தன் அறிவிப்பு எளிமையானது என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியவை மூன்று: யார் படித்தார்கள், எத்தனை பேர் சரியாகப் புரிந்துகொண்டார்கள், புரியாதவர்களுக்காக எந்த வரியைத் திருத்தினீர்கள். இவற்றுக்கு விடை இல்லாத எளிமைச் சான்றிதழை, அது எத்தனை மதிப்பெண் காட்டினாலும், நாம் ஏற்கத் தேவையில்லை.